20 கிலோ பிளேட், 18.7 கிலோ எடை

மன்னார்குடியில் இருக்கும் மச்சான் போன் பண்ணிக் கேட்டான். நான் உடற்பயிற்சிக்கு வைத்திருக்கும் எடை தூக்கும் ராடு, பிளேட் செட்டு இப்போது விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கிப் போடலாமா என்று. நேராகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ராடு அருமை. 20 கிலோ ராடு எடை போட்டால் 20 கிலோவே காட்டுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்கள் நீடாமங்கலம் வீட்டில் சுவரே வியர்க்கும். ஆனாலும் ராடில் பெரிதாகத் துரு ஏறவில்லை. கை வழுக்காமலிருக்கப் பூசும் சாக் மாவு பிடியின் சொரசொரப்பில் தங்கி ஈரத்தையும் வியர்வையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை மட்டும் நைலான் பிரஷால் தேய்த்துவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். போன மாதம் பிளேட் மாட்டும் முனைக்குழாயான ஸ்லீவைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் வளையம் தெறித்துவிட்டது. லேத் பட்டறையில் சில்லறைக் காசுக்கு வேறு மாட்டித் தந்தார்கள்.

என் வயிற்றெரிச்சலெல்லாம் பிளேட்டில்தான்.

தையில் சம்பா அறுவடை முடிந்து, களத்தில் 40 கிலோ சிப்பம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எலக்ட்ரானிக் தராசு சும்மா நின்ற நேரம் பார்த்து என் பிளேட்டுகளைத் தூக்கி வைத்தேன். 20 என்று அச்சு போட்டிருந்த ஒன்று 18.7. அதன் ஜோடி 19.6. தராசின் மேல் சந்தேகம் வந்து, முத்திரை குத்திய 20 கிலோ படிக்கல்லை வைத்துப் பார்த்தோம். தராசு சரியாகத்தான் இருந்தது. 10 கிலோ பிளேட்டுகள் நாலையும் வைத்தால் ஒவ்வொன்றும் 10.3!

கணக்குப் போடுங்கள். 20 கிலோ ராடில் 20 பிளேட் ஜோடியை மாட்டி 60 கிலோ என்று நினைத்துத் தூக்கினால் உண்மையில் 58.3. அதே 60-ஐ நாலு பத்தால் மாட்டினால் 61.2. வித்தியாசம் 2.9 கிலோ. ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டை ஐந்து செட், செட்டுக்கு ஐந்து தடவை என்று செய்பவன் வாரத்துக்கு 2.5 கிலோ ஏற்றுகிறான் என்று வையுங்கள். எந்த பிளேட் கைக்கு வந்தது என்பதிலேயே ஒரு வார முன்னேற்றம் காணாமல் போகிறது, அல்லது சும்மா முளைக்கிறது. படுத்தபடி நெஞ்சுக்கு மேல் தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸில் வேறு, 20 ஜோடியை மாட்டினால் ஒரு பக்கம் கிட்டத்தட்ட ஒரு கிலோ கூடுதல்.

விற்றவரிடம் கேட்டேன். "காஸ்டிங்ல அப்படித்தான் சார் வரும்" என்றார். மண் அச்சில் இரும்பை ஊற்றினால் எடை முன்னே பின்னே ஆகும், அது நியாயம்தான். படிக்கல்லும் வார்ப்பிரும்புதானே? அதில் ஒரு குழி விட்டு, ஈயம் ஊற்றி எடையைச் சரிசெய்து, அதன் மேல்தான் முத்திரை குத்துகிறார்கள். பவர்லிஃப்டிங் போட்டி பிளேட் என்றால் 0.25 சதவீதத்துக்கு மேல் பிசகக் கூடாது. 20 கிலோவுக்கு 50 கிராம். அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை, அதன் விலையே வேறு. ஆனால் கிலோ ரேட் போட்டுக் காசு வாங்கிய பொருளைத் தராசில் ஏற்றாமலே பில் எழுதுவது என்ன பழக்கம்? ஒரு மூட்டை நெல்லில் ஒரு கிலோ குறைந்தால் இந்த ஊரில் சும்மா விடுவார்களா?

சரி, நியாயமாகவே பேசுவோம். 20-இல் குறைந்தது 1.7 கிலோ, 10-இல் கூடியது 1.2. மொத்த நஷ்டம் அரைக் கிலோ இரும்பு. ஒரு டீ, வடை காசுதான் இருக்கும். உடம்புக்கு எண் முக்கியமில்லை. எப்போதும் அதே பிளேட்டை அதே பக்கம் மாட்டினால் ஏறும் எடை ஏறத்தான் செய்யும். இப்போது ஒவ்வொன்றிலும் உண்மையான எடையை வெள்ளைப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறேன். முன்பு முனகிக்கொண்டு தூக்கிய உர மூட்டை இப்போது லேசாக வருகிறது. தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட்டுக்கு இதைவிட நல்ல செட்டு இந்த விலையில் கிடைக்காது.

ஆனாலும் மச்சான், வாங்காதே. வாங்கியே ஆகவேண்டும் என்றால் கடையிலேயே தராசு கேள், ஒவ்வொரு பிளேட்டாக ஏற்று, அந்த எடைக்குப் பில் போடச் சொல். முறைத்தால் எழுந்து வந்துவிடு. அவசரமென்றால் என்னுடையதையே கொண்டுபோ. 18.7-க்கு 18.7 கிலோ காசுதான் வாங்குவேன். ராடு மட்டும் கிடையாது.