வெளிப்பக்கம் வெள்ளி, உள்பக்கம் ஜெர்மன் சில்வர்: பழைய கஃப்லிங்க் வாங்கப் போகிறவர்களுக்கு

லண்டன் சனிக்கிழமைச் சந்தைகளில் பழைய கஃப்லிங்க் தேடி அலைகிற நம் ஆட்கள் நாலைந்து பேரையாவது எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. 140 பவுண்டு கொடுத்து ஏமாந்திருக்கிறேன். சந்தையின் பெயரையும் ஆளையும் சொல்லப் போவதில்லை. செய்த வேலையை மட்டும் சொல்கிறேன். இதே வேலைப்பாடு வேறொரு மேசையிலும் உட்கார்ந்திருக்கலாம்.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி. பிரெஞ்சு கஃப் வைத்த சட்டையில் கஃப், அதாவது கை நுனிப் பட்டை, இரண்டு மடங்கு நீளம். அதை மடித்தால் நான்கு காஜா ஒன்றன்மேல் ஒன்றாக வரும், ஆனால் பட்டன் இருக்காது. கஃப்லிங்க் போட்டுத்தான் கோர்க்க வேண்டும். (ஊரில் எனக்குச் சட்டை தைக்கும் டெய்லர், முதல் தடவை நான் கேட்டபடியே நான்கு காஜாவும் போட்டுவிட்டு, மேலே அழகாகப் பட்டனும் வைத்துக் கொடுத்தார். "பட்டன் இல்லாம எப்படி தம்பி ஆபீஸ் போவீங்க?" என்று அக்கறையாக வேறு கேட்டார்.)

இப்போது கடைகளில் கிடைக்கிற கஃப்லிங்கில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் முகம். மறுபக்கம் திருப்பி மாட்டுகிற குச்சி. பழைய ஆங்கிலேய ஜோடிகள் அப்படியில்லை. இரண்டு முகம், நடுவில் சின்னச் சங்கிலி. கையின் இரண்டு பக்கமும் அலங்காரம் தெரியும். ஒரு ஜோடி என்றால் மொத்தம் நான்கு முகங்கள். என் கதை முழுக்க இந்த நான்கில்தான் இருக்கிறது.

நான் பார்த்தது வட்டமான நீல எனாமல் ஜோடி. எனாமலுக்கு அடியில் எந்திரத்தால் செதுக்கிய மெல்லிய கதிர்க்கோடுகள். வெளிச்சத்தில் திருப்பினால் நீலம் தண்ணீர் மாதிரி அசையும். கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். நல்ல கோட், மரியாதையான பேச்சு. "பர்மிங்ஹாம் வெள்ளி, 1924" என்றார். தன் லென்ஸையே கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பின்பக்கம் பொடிப்பொடியாகத் தர முத்திரைகள். நடக்கிற சிங்கம் இருந்தது, அப்படியென்றால் ஸ்டெர்லிங், அதாவது 92.5 சதவீத வெள்ளி. நங்கூரம் இருந்தது, பர்மிங்ஹாம். கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், 1773-இல் அங்கே தர முத்திரை அலுவலகம் திறந்ததிலிருந்து அதுதான் அவர்கள் அடையாளம். ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் இருந்தது. இன்னொன்றையும் அவரே எடுத்துத் திருப்பிக் காட்டினார். அதே மூன்று குறிகள்.

165 சொன்னார். ரொக்கமென்றால் 140 என்றார். ஏடிஎம் தேடி ஓடினேன். ஒரு துண்டுச் சீட்டில் "கஃப்லிங்க், நீலம், ஒரு ஜோடி, 140" என்று எழுதிக் கொடுத்தார். எழுத்து முத்து முத்தாக இருந்ததே தவிர, வெள்ளி என்றும் இல்லை, 1924 என்றும் இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து காந்தம் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை, பரம திருப்தி. சுத்த அசட்டுத்தனம். வெள்ளி மட்டும்தான் காந்தத்தில் ஒட்டாது என்றில்லை. பித்தளையும் ஒட்டாது, ஜெர்மன் சில்வரும் சாதாரணமாக ஒட்டாது.

இரண்டு வாரம் கழித்து ஆபீஸ் விருந்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். மறுநாள் கழற்றும்போது, உடம்பை ஒட்டி இருந்த பக்கத்து நீலத்தில் நகம் கீறியதுபோல இரண்டு கோடுகள். அசல் எனாமல் என்பது உலோகத்தின்மேல் உருக்கிப் படிய வைத்த கண்ணாடி. அது சில்லாகத் தெறிக்கும், விரிசல் விடும். ஆனால் மேஜை விளிம்பில் பட்டதற்கெல்லாம் பெயிண்ட் மாதிரி கீறல் விழாது. வயிற்றைக் கலக்கியது.

வெம்பிளியில் எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்துப் பத்தர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். லென்ஸை வைத்து நான்கு முகத்தையும் வரிசையாகப் பார்த்தார். நான் இரண்டைத்தான் பார்த்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"தம்பி, ரெண்டு வெள்ளி. மற்ற ரெண்டும் ஜெர்மன் சில்வர், மேல வெள்ளி முலாம். எவ்வளவு குடுத்தனீங்கள்?"

சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் விளக்கினார். வெள்ளி முகங்கள் இரண்டும் கஃப்லிங்கே இல்லை. மாலை விருந்து உடையில் கோட்டுக்கு உள்ளே போடுகிற கையில்லாத வெயிஸ்ட்கோட்டின் பொத்தான்கள். அந்தக் காலத்தில் கஃப்லிங்க், பொத்தான், சட்டை மார்பில் பட்டனுக்குப் பதில் மாட்டுகிற குமிழ் எல்லாம் ஒரே பெட்டியில் செட்டாக விற்பார்கள். செட் உடைந்தால் பொத்தான்கள் மலிவாகக் கிடைக்கும். பின்னால் ஏற்கெனவே வளையம் இருப்பதால் சங்கிலியை மாட்டினால் போதும், பற்றவைக்க வேண்டியதில்லை. "எனாமலுக்குக் கிட்ட நெருப்பு வைக்க ஏலாது, வெடிச்சிடும். அதுதான் தொடாமல் விட்டிருக்கிறான்," என்றார். பிறகு அதே பொத்தானை அச்செடுத்து இன்னும் இரண்டு வார்த்து, பின்பக்கம் அரைகுறையாக விழுந்த முத்திரையைத் தேய்த்துவிட்டு, மேலே நீல ரெசின், அதாவது பிளாஸ்டிக் போல இறுகுகிற பிசின், ஊற்றியிருக்கிறார்கள். லென்ஸில் அருகருகே வைத்தால் குழந்தைக்கும் தெரியும். அசலில் கதிர்க்கோடுகள் கத்தி போலக் கூர்மை. வார்த்ததில் சோப்பில் கிடந்ததுபோல மழுங்கல். ஊசி நுனியை ஓரத்தில் மெல்ல அழுத்தினால் ரெசினில் பள்ளம் விழுந்தது. கண்ணாடியில் ஊசி வழுக்கியது.

ஜெர்மன் சில்வர் பற்றி நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கொலுவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் குங்குமச்சிமிழ் அதில்தான் வரும். செம்பு, நிக்கல், துத்தநாகம். பெயரில் மட்டுமே வெள்ளி.

நான்காவது சனிக்கிழமை திரும்பப் போனேன். நல்லவேளை, ஆள் இருந்தார். முதலில் "நான் வெள்ளி என்று சொன்னது முத்திரை உள்ள பக்கத்தை" என்றார். பிறகு 7.78 கிராமுக்குக் குறைந்த வெள்ளிப் பொருளுக்கு இங்கே முத்திரை கட்டாயமில்லை என்று சட்டம் பேசினார். அந்த விதி உண்மைதான். ஆனால் அது எடை குறைந்த வெள்ளிக்குத் தருகிற விலக்கு. வெள்ளியே இல்லாததை வெள்ளி என்று விற்க அதில் வழியில்லை. அதைச் சொன்னதும் சீட்டைக் கேட்டார். காட்டினேன். "இதில் வெள்ளி என்று எங்கே இருக்கிறது?" என்றார், அதே மரியாதையான குரலில்.

வியாபாரியிடம் வாங்கியது சொன்னபடி இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்க 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. எனக்கு நாளும் இருந்தது. சொன்னார் என்பதற்குத்தான் சாட்சி இல்லை. கிரெடிட் கார்டில் கொடுத்திருந்தால், 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருள் என்பதால் வங்கியையே பொறுப்பாக்கியிருக்கலாம். 25 பவுண்டு தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு அந்தக் கதவையும் நானே சாத்திவிட்டேன். அரைமணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு 60 பவுண்டு திருப்பித் தந்தார். வாங்கிக்கொண்டேன். ஒரு பைசா குறையாமல் வாங்கியிருக்க வேண்டும் என்று மனைவி சொல்கிறாள். அவள் வந்திருந்தால் வாங்கியிருப்பாள்.

இப்போது சங்கிலி ஜோடி எதைப் பார்த்தாலும் நான்கு முகத்தையும் என் கையால் திருப்பிப் பார்க்கிறேன், என் லென்ஸில். சின்ன முகத்தில் எல்லா முத்திரையும் இருக்காது, ஆனால் நல்ல ஜோடிகளில் சிங்கமாவது இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சீட்டில் உலோகம், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதச் சொல்கிறேன். போன வாரம் ஒருவர் பேனாவை எடுத்துவிட்டு, "வெள்ளி" என்ற இடத்தில் நின்று, "பார்க்க வெள்ளி மாதிரி" என்று எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அந்த நீல ஜோடியை விற்கவில்லை. பெட்டிக்குள் ஒரு துண்டுத் தாள் வைத்திருக்கிறேன்: "இரண்டு முகம் வெள்ளிப் பொத்தான், இரண்டு முகம் ஜெர்மன் சில்வர், அதில் நீலம் ரெசின்." எனக்குப் பிறகு என் பையன் எடுத்துக்கொண்டுபோய் 1924 வெள்ளி என்று எவனிடமாவது விற்றுவிடக் கூடாது.