482 விசா மறுப்பும் மேல்முறையீடும்: பரமட்டாவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம்

மேற்கு சிட்னியில் ஓர் உணவகத்தில் சமையல்காரராக இருக்கும் எனக்கு, முதலாளியின் ஸ்பான்சரில் கேட்ட 482 என்ற தற்காலிக வேலை விசா மறுக்கப்பட்டபோது, நண்பர் ஒருவர் அனுப்பிவைத்த இடம் இது. பெயரைத் தனியே கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.

மறுப்புக் கடிதங்கள் இரண்டு வந்திருந்தன. உணவகத்துக்கு முழுநேரச் சமையல்காரர் உண்மையிலேயே தேவை என்று நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி முதலாளியின் நாமினேஷனை (இந்த வேலைக்கு என்னை முன்மொழிந்து அவர் தந்த விண்ணப்பத்தை) நிராகரித்திருந்தார்கள். நாமினேஷன் இல்லாததால் என் விசாவும் போயிற்று. விண்ணப்பத்தைத் தயாரித்த ஏஜென்ட், "ஓனரைத் தொந்தரவு செய்யாதீர்கள், உங்கள் விசாவுக்கு மட்டும் அப்பீல் போட்டால் போதும்" என்றார். அதை நம்பி 18 நாட்களை வீணாக்கினேன்.

வழக்கறிஞர் அம்மா கடிதங்களைப் படித்து முடித்ததும் மேசை நாட்காட்டியை இழுத்து, மின்னஞ்சல் வந்த தேதியிலிருந்து பென்சிலால் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து எண்ணினார். நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்தில் 28 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஒரு நாள் தவறினாலும் கெடுவை நீட்டிக்க அதற்கு அதிகாரமில்லை, மின்னஞ்சலை நாம் எப்போது திறந்தோம் என்பதும் கணக்கில் வராது என்று நிதானமாக விளக்கினார். அதைவிட முக்கியமாக, வேறு நாமினேஷன் கையில் இல்லாத நிலையில், முதலாளி தன் மறுப்பை எதிர்த்து விண்ணப்பிக்காமல் நான் மட்டும் போனால், என் விண்ணப்பம் வாசலிலேயே தள்ளுபடியாகும் என்றார். அன்று மாலையே உணவகத்துக்கு வந்து முதலாளியிடம் பேசி, அவருடைய விண்ணப்பத்தைப் பதிந்து ஒப்புகை வந்த பிறகே என்னுடையதைப் பதிந்தார்.

தீர்ப்பாயம் விஷயத்தைப் புதிதாகவே பரிசீலிக்கும் என்பதால் புதிய ஆதாரங்களைத் தரலாம். ஏஜென்ட் அனுப்பியிருந்தவை ஒரு மெனு கார்டும் வேலை ஒப்பந்தமும் மட்டுமே. இவர்களோ ஆறு மாத ரோஸ்டர், காலாண்டு வரிக் கணக்கு, மளிகை பில்கள் எனக் கேட்டதோடு, வெள்ளிக்கிழமை எத்தனை கிலோ அரிசி ஊறப்போடுகிறேன், மாவு அரைத்து முடிக்க எத்தனை மணி ஆகிறது என்பது வரை என்னிடம் விசாரித்து வாக்குமூலமாக எழுதினார்கள். என் வேலையை அப்படி யாரும் அதுவரை கேட்டதில்லை.

செலவு குறைவில்லை. தீர்ப்பாயக் கட்டணமே விண்ணப்பத்துக்குச் சுமார் 3,500 டாலர், எங்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள். சாதகமாக முடிந்தால் பாதி திரும்பி வரும். வழக்கறிஞர் கட்டணம் தனி, அதன் மேல் 10% ஜிஎஸ்டி உண்டு என்பதை பில் வந்த பிறகே அறிந்தேன்.

இன்னொரு குறையும் உண்டு. மேல்முறையீடு முடியும்வரை இங்கே தங்க அனுமதிக்கும் பிரிட்ஜிங் விசா ஏ-வை மட்டும் வைத்துக்கொண்டு வெளிநாடு போனால் அதில் திரும்பி வர முடியாது, முன்கூட்டியே பிரிட்ஜிங் விசா பி வாங்க வேண்டும் என்பதை, மதுரையில் தங்கை கல்யாணத்துக்கு டிக்கெட் போடப் போவதாக நான் பேச்சுவாக்கில் சொன்ன பிறகே சொன்னார்கள். முதல் நாளே ஒரு தாளில் எழுதித் தந்திருக்க வேண்டிய விஷயம் அது.

விசாரணை நாளுக்காகக் காத்திருக்கிறோம். இதுவரையிலான வேலைக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். போகிறவர்கள் இரண்டு கடிதங்களையும், அவை வந்த மின்னஞ்சலின் தேதி தெரியும் அச்சுப்பிரதியையும் கொண்டுபோங்கள். முடிந்தால் முதலாளியையும் கூட்டிச்செல்லுங்கள்.