மாஸ்ட் பூஸ்டர்: வாங்குமுன் ஏரியலைப் பாருங்கள்

மலேசியாவில் மின்சாதனக் கடைகளில் விற்கும் மாஸ்ட் பூஸ்டர், அதாவது ஏரியல் பிடிக்கும் டிவி சிக்னலைப் பெருக்கும் கருவி, இரண்டு துண்டாக வரும். ஒன்று ஏரியல் கம்பத்தில் மாட்டும் சின்ன டப்பா, மற்றொன்று டிவி பக்கத்தில் பிளக்கில் செருகும் பவர் யூனிட். சிக்னல் இறங்கும் அதே கேபிளில்தான் 12 வோல்ட் மேலே ஏறுகிறது. புது தாமானில் (குடியிருப்பில்) மைடிவி, அதாவது இலவச டிஜிட்டல் டிவி, படம் கட்டம் கட்டமாக உடைகிறது என்றால் கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். சரியான இடத்தில் நல்ல சாமான், தவறான இடத்தில் வெறும் மின்சாரச் செலவு.

புது டெரஸ் வீடுகள் பலவற்றில் ஓட்டுக்கு அடியில் அலுமினியத் தாள் விரித்திருக்கும். அது வெயிலோடு டிவி சிக்னல் வரும் யூஎச்எஃப் அலையையும் தடுத்துவிடும். சீலிங்குக்கு மேலே ஒளித்து வைத்த ஏரியலுக்கு எந்த பூஸ்டரும் உதவாது. கூரைக்கு வெளியே ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்த்த யாகி ஏரியல் (குறுக்குக் கம்பிகள் வரிசையாக உள்ள வகை) வேண்டும். சிலாங்கூரின் செமினியிலிருந்து பார்த்தால், ஒளிபரப்புக் கோபுரம் உள்ள குனோங் உலு காலி மலை ஏறக்குறைய நேர் வடக்கில், 50 கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது. குறுக்கே மலை இருந்தால் வேறு கோபுரம் தேட வேண்டியதுதான்.

வாங்குமுன் ஒரு சோதனை. ஏரியலிலிருந்து 2 மீட்டர் கேபிள் மட்டும் இழுத்து, டிகோடர் மெனுவில் குவாலிட்டி (சிக்னலின் தரம்) எவ்வளவு என்று பாருங்கள். அங்கே நன்றாக இருந்து ஹாலில் விழுந்தால் பூஸ்டர் வேலை செய்யும். அங்கேயே மோசம் என்றால் ஏரியலை உயர்த்துங்கள், திருப்புங்கள், பெரிதாக்குங்கள். பூஸ்டர் மாட்டியபின் ஸ்ட்ரென்த் (சிக்னலின் அளவு) மட்டும் ஏறி குவாலிட்டி அசையாவிட்டால், பெருகியது இரைச்சல்தான்.

20 மீட்டர் ஆர்ஜி6 கேபிளில் சுமார் 3.5 டெசிபல் சிக்னல் போகும், நான்கு டிவிக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் இன்னும் 7, 8. ஆக இந்த இழப்பை ஈடுகட்ட 15 முதல் 20 டெசிபல் கெயின் (பெருக்கம்) தாராளம். அட்டையில் 36 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். கோபுரம் பக்கத்தில் இருந்தால் அத்தகைய பூஸ்டர் திணறி, வந்துகொண்டிருந்த சேனலும் போகும். பார்க்க வேண்டியது நாய்ஸ் ஃபிகர், அதாவது பூஸ்டர் தானே சேர்க்கும் இரைச்சல்: 2 டெசிபலோ அதற்குக் கீழோ. அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-இல் முழுதாக நின்றபின் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை கைபேசிச் சேவைக்குப் போய்விட்டது. 862 மெகாஹெர்ட்ஸ் வரை பெருக்கும் பழைய மாடல் கைபேசி சிக்னலையும் சேர்த்து இழுக்கும். 694-க்கு மேல் வெட்டும் ஃபில்டர் உள்ளதையே கேளுங்கள்.

டப்பாவை ஏரியலுக்கு ஒரு மீட்டருக்குள், கனெக்டர் முனைகள் கீழ்நோக்கி மாட்டுங்கள். டிவி பின்னால் மாட்டினால் கேபிளில் இழந்தது இழந்ததுதான். பெட்டியோடு வரும், கேபிள் முனையில் திருகி மாட்டும் எஃப் கனெக்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, கருவியால் அழுத்திப் பொருத்தும் கம்ப்ரஷன் வகை வாங்குங்கள். நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் நீண்டால் போதும். அதைச் சுற்றியுள்ள வலைக்கம்பியின் ஒரே ஒரு இழை அதைத் தொட்டாலும் ஷார்ட். பவர் யூனிட் விளக்கு மங்கும் அல்லது அணையும். விளக்கு எரிந்தும் படம் வரவில்லையா? நடுவில் உள்ள ஸ்ப்ளிட்டர் மின்சாரத்தை மேலே விடாததாக இருக்கும். பவர் யூனிட்டை ஸ்ப்ளிட்டருக்கு முன்னால், ஏரியல் பக்கமாக மாற்றுங்கள். சில டிகோடர்கள் ஏரியலுக்குத் தரும் 5 வோல்ட் இந்த 12 வோல்ட் டப்பாவுக்குப் போதாது.

கம்பத்துக்கு எர்த் கொடுக்காமல் விடாதீர்கள். இடி முழங்கத் தொடங்குமுன் பவர் யூனிட்டையும் ஏரியல் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.