பழைய ஸ்விஃப்டுக்கு ரப்பர் புஷ்ஷா, பாலியூரித்தேனா?

பதினைந்து வயதைத் தாண்டிய என் ஸ்விஃப்ட் கார், சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே முன்பக்கம் ‘டக் டக்’ என்றது. சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷில் (மூட்டில் மெத்தைபோல இருக்கும் உருளை) வெடிப்பு; வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்கில் ஆட்டம். இரண்டையும் மாற்றியாக வேண்டும். எதைப் போடுவது?

ரப்பர் புஷ்ஷில் எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை. நடுவிலுள்ள இரும்புக் குழாயோடு ரப்பர் ஒட்டியே இருக்கும். ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு, பிறகு பழைய நிலைக்குத் திரும்பும். சாலையின் அதிர்வையும் அதுவே விழுங்கிவிடும். பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளில் செய்த புஷ் அப்படியில்லை. குழாய் அதற்குள் வழுக்கிச் சுழலும். கெட்டியான பொருள் என்பதால் ஸ்டீயரிங் கூர்மையாகும், எண்ணெய் பட்டாலும் எளிதில் ஊறாது. ஆனால் கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும், ஒவ்வொரு குழியும் உள்ளே கேட்கும். வேலைக்குப் போய்வரும் வண்டியின் ஆர்முக்கு ரப்பர்தான் என் தேர்வு. ஸ்டெபிலைசர் பாரைப் பாடியோடு பிடிக்கும் டி-புஷ்ஷில் மட்டும் பாலி போட்டுப் பார்க்கலாம், அங்கே அதிர்வு அவ்வளவாக உள்ளே வராது.

பொருளைவிட மாட்டும் முறைதான் முக்கியம் என்பதைக் காசு கொடுத்துக் கற்றேன். முன்பு ஒரு ஒர்க்‌ஷாப்பில் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டார்கள். வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கியபடியே நின்றது. சில மாதங்களில் கிழிந்தது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. மெக்கானிக் பக்கத்தில் நின்று இதைக் கேட்டு வாங்குங்கள்.

புஷ் மட்டுமா, முழு ஆர்முமா? புஷ் மட்டும் மலிவு. ஆனால் பிரஸ்ஸில் அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் புதுப் புஷ்ஷே சிதையும். ஆர்மின் சக்கரப் பக்க முனையிலுள்ள உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டும் தளர்ந்திருந்தால் யோசிக்காமல் முழு ஆர்ம். சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் விசாரித்து, இரு பக்கத்துக்கும் ஒரே தயாரிப்பாக வாங்குங்கள். எதைச் செய்தாலும் முடிவில் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

லிங்க்கில் மலிவானது வேண்டாம். அதன் ரப்பர் உறை கிழிந்தால் மண்ணும் நீரும் புகுந்து லிங்க்கின் பால் ஜாயின்ட் சீக்கிரமே ஆடத் தொடங்கும். கழற்றும்போது நட்டோடு ஸ்டட்டும் (நட்டு ஏறும் மரைத் தண்டு) சேர்ந்து சுற்றும். அதன் முனையில் ஆலன் கீ போட்டுப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்ப வேண்டும். துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் பார் முறுக்கிக்கொள்ளும், லிங்க் துளையில் சேராது. இரண்டு முன்சக்கரங்களையும் சம உயரத்தில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

ரப்பர் டி-புஷ்ஷை மாட்டச் சோப்புத் தண்ணீர் போதும். என்ஜின் ஆயில் தடவினால் ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும்.