அம்மாவையும் என்னையும் எதில் எடுத்து வைப்பது? போன், இன்ஸ்டாக்ஸ், ஃபிலிம், பெரிய கேமரா

அம்மாவும் நானும் சேர்ந்து வாழும் இந்தக் காலத்தைப் படமாக எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்தபோது நாலு வழி இருந்தது: கையில் இருக்கும் போன், எடுத்தவுடன் படம் வெளியே வரும் இன்ஸ்டாக்ஸ், மச்சானிடம் சும்மா கிடந்த ஃபிலிம் கேமரா, லென்ஸ் மாற்றும் டிஜிட்டல் கேமரா. நான் தேர்ந்துகொண்டது போன். ஆனால் படங்களைப் போனிலேயே விட்டுவிடுவதில்லை. நல்லதைப் பொறுக்கி டவுன் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் வைக்கிறேன். நாங்கள் இருப்பது இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். கொழும்பில் இருப்பவருக்குக் கணக்கு வேறு மாதிரி வரலாம்.

தெளிவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பெரிய கேமராதான் அழகாக எடுக்கும், அதுவும் காம்பராவுக்குள் (லயத்து அறைக்குள்) இருக்கிற மங்கிய வெளிச்சத்தில். ஆனால் 6க்கு 4 அங்குல பிரிண்டுக்கு 1800க்கு 1200 பிக்சல் இருந்தால் போதும். இன்றைக்கு எந்தப் போனிலும் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. ஸ்டூடியோவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது மட்டும், படம் சுருங்கிவிடாமல் இருக்க, 2023இல் வந்த ஹெச்டி வசதியைப் பயன்படுத்துங்கள், அல்லது டாக்குமென்டாக அனுப்புங்கள். செலவைப் பார்த்தால், போன் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. ஒரு இன்ஸ்டாக்ஸ் தாளின் விலையில் பல பிரிண்ட் போட்டுவிடலாம்.

உறவைப் படம் எடுப்பது என்றால் இரண்டு பேரும் அதில் இருக்க வேண்டும். பெரிய கேமராவைத் தூக்கினால் அம்மா சேலையை இழுத்துவிட்டு, அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் விறைத்துக்கொள்கிறார். போன் என்றால் அந்தப் பயம் இல்லை. "குடு புள்ள, நா ஒன்னு எடுக்குறேன்" என்று அவரே வாங்கிக்கொள்வார். அம்மா எடுக்கும் படங்களில் என் நெற்றி பாதி வெட்டுப்பட்டிருக்கும். ஆனால் அடுப்படியில் அவர் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் நான் எப்படித் தெரிகிறேன் என்பது அந்தப் படங்களில்தான் இருக்கிறது. என் ஆல்பத்தில் பாதிக்கு மேல் அம்மா எடுத்தவை.

இது எனக்கு முக்கியமாகப் படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் மலைநாட்டுக்குப் புகைப்படம் புதிதல்ல. ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவில் இறந்து, பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்குப் பின்னால் எத்தனையோ பேர் கொழுந்து பறிக்கும் பெண்களை எடுத்துத் தபாலட்டையாக விற்றார்கள். அந்த அட்டைகளில் "தேயிலை பறிப்பவர்" என்று இருக்கும், பெயர் இருக்காது. கூடையோடு நிற்கிற என் அம்மாவின் படத்துக்குப் பின்னால் அவர் பெயர், மலையின் பெயர், தேதி எல்லாம் இருக்க வேண்டும்.

இன்ஸ்டாக்ஸை ஒதுக்கித் தள்ள மனசு வரவில்லை. படம் கையில் வந்து ஒன்றரை நிமிஷத்தில் முகம் தெளிந்து வருவதை அம்மாவும் நானும் குனிந்து பார்ப்போமே, அந்தச் சந்தோஷம் போனில் இல்லை. ஆனால் மினி தாளில் படம் 62க்கு 46 மில்லிமீட்டர்தான். அம்மாவின் கண்ணுக்கு அது போதாது. அந்தத் தாள் 5 பாகை செல்சியஸுக்கும் 40 பாகைக்கும் இடையில்தான் ஒழுங்காக வேலை செய்யும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் எடுத்தால் படம் வெளிறி நீலம் பாய்ந்து வரும்; வெளியே வந்தவுடன் சுவெட்டருக்குள் வைத்துச் சூடு காட்ட வேண்டும். இதையெல்லாம் சமாளித்துக்கொள்ளலாம். நெகட்டிவ் இல்லாததால் இருப்பது ஒரே பிரதி என்பதுதான் பெரிய குறை.

ஃபிலிமில் நான் அதிகம் எடுத்ததில்லை, அதனால் இதை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுருளில் 36 படம் என்றால் யோசித்துத்தான் விரல் அழுத்தும், அது நல்ல பழக்கம். கழுவ யாரிடமாவது கொழும்புக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. வந்த நிறம் பிடித்திருந்தது.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது ஈரம். இங்கே மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரை மழையும் பனிமூட்டமும்தான், துணியே காயாது. காற்றின் ஈரப்பதம் அறுபது சதவீதத்துக்கு மேல் நாள் கணக்கில் நின்றால் லென்ஸுக்குள் பூஞ்சணம் நூல் நூலாகப் படர ஆரம்பிக்கும். மச்சானின் ஃபிலிம் கேமராவில் அது ஏற்கெனவே வந்திருந்தது. பெரிய கேமரா வாங்கினால் காற்றுப் புகாத பெட்டி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் எல்லாம் சேர்த்து வாங்க வேண்டும். நெகட்டிவின் மேலிருக்கும் ஜெலட்டின் பூச்சையும் பூஞ்சணம் தின்னும்.

பிரிண்டுக்கும் இதே ஆபத்து உண்டு, ஆனால் காப்பது சுலபம். ரசாயனத்தில் கழுவி எடுக்கும் லேப் பிரிண்ட் கேளுங்கள். மலிவான தாளில் இங்க்ஜெட்டில் அடித்தது ஈரம் பட்டால் மை கசியும். கண்ணாடிச் சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்ட வைத்து மாட்டாதீர்கள். ஈரத்தில் படத்தின் மேலுள்ள ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் பிடித்துக்கொண்டால் உரிக்கவே முடியாது. ஒட்டும் பக்கத்துக்கு மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் பழைய மாதிரி ஆல்பம் வேண்டாம். படத்தைச் செருகும் பை வைத்தது, பாலிப்ரொப்பிலீன் என்று போட்டது நல்லது. ரெக்சின் வாடை குப்பென்று அடித்தால் வாங்காதீர்கள். படத்தின் முதுகில் பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், ஜெல் பேனா மை காயாமல் அடுத்த படத்தில் ஒட்டும். அதனால் நான் விவரத்தைத் துண்டுத் தாளில் எழுதிப் படத்துக்குப் பின்னால் செருகுகிறேன்.

ஆல்பத்தை வெளிச்சுவரை ஒட்டியும் வைக்கக் கூடாது, அடுப்புக்கு மேல் பரணிலும் கூடாது, புகை ஏறிவிடும். எங்கள் வீட்டில் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள், சிலிக்கா ஜெல்லோடு, அலுமாரியின் நடுத்தட்டில் இருக்கிறது. நீல மணிகள் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சூடாக்கினால் திரும்ப உதவும், ஆனால் சமையல் சட்டியில் வேண்டாம், அந்த நீலத்தில் கோபால்ட் என்ற நச்சுப்பொருள் உண்டு. ஹட்டன், நுவரெலியாப் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் ஒரு காய்ந்த நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் காற்றாட வையுங்கள். பதுளை, ஹப்புத்தளைக்காரர்களுக்குக் கச்சான் என்ற காய்ந்த காற்று வீசும் ஜூலை, ஆகஸ்ட்தான் அதற்குச் சரியான நேரம்.

இத்தனை பாதுகாப்பும் மண்சரிவுக்கு முன்னால் நிற்காது. 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பரில் டிட்வா புயலில் மலைநாடு பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். உயிர் போன இடத்தில் படம் பெரிதா என்று கேட்கலாம். ஆனால் போனவர்களின் முகத்தைப் பார்க்க ஒரு படம்கூட மிஞ்சாதது தனித் துக்கம். அதனால்தான் ஒரே பிரதி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. போனில் எடுத்ததை இரண்டு பிரிண்ட் போட்டு, ஒரு தொகுப்பைக் கண்டியில் அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன். மூலப்படங்கள் கூகுள் கணக்கிலும் ஒரு மெமரி கார்டிலும் இருக்கின்றன.

போனில் உள்ள உண்மையான குறை, எடுத்துக் குவித்துவிடுவோம் என்பது. நிக்கலஸ் நிக்சன் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1975இல் தொடங்கி நாற்பது வருடத்துக்கும் மேலாகத் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் வருடத்துக்கு ஒரு படம் என்று தேர்ந்து வெளியிட்டார். அந்த அளவுக்கு என்னால் இறுக்கிப் பிடிக்க முடியாது. மாத முடிவில் அம்மாவோடு இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்து, அவர் கை காட்டுவதை மட்டும் பிரிண்டுக்கு அனுப்புகிறேன்.

இன்ஸ்டாக்ஸ்தான் வேண்டும் என்று மனசு சொன்னால் வாங்குங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் ஒவ்வொரு தாளையும் அன்றைக்கே ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பிளாஷ் போடாமல், போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.