கோலாலம்பூர் செந்தூல் வீட்டின் சரிவுக் கூரைக்கு நுரைத் தெளிப்பு

பின்புறம் இணைத்த அறையின் சரிவுக் கூரையில் காற்றோட்ட இடைவெளி இல்லாததால், வெயில் சூட்டைத் தடுக்கத் தகரத்தின் அடியில் நேரடியாகத் தெளிக்கும் அடர்த்தியான பாலியூரித்தேன் நுரையை 50 மில்லிமீட்டர் தடிமனில் போட்டோம். ராக்வூல் எனும் பாறை இழைப் பஞ்சு மலிவுதான், ஆனால் நம் ஊர்ப் புழுக்கக் காற்று அதனூடே புகுந்து, ஏர்கோண்ட் குளிரில் சில்லிட்ட உட்கூரை ஜிப்சம் பலகையின் முதுகில் நீராகக் கோத்துக்கொள்ளும். நுரையோ காற்றையும் ஈரத்தையும் சேர்த்தே தடுக்கிறது. அலுமினியத் தாளே போதும் என்றார் கட்டுமானக் குத்தகையாளர். பளபளக்கும் பக்கத்தை ஒட்டிக் காற்றிடைவெளி இல்லாவிட்டால் அது வெறும் தாள்தான். உத்தரமும் சுவரும் சேரும் மூலையில் விரல் நுழையும் இடுக்கை விட்டுச் சென்ற தெளிப்பாளர்கள், மூன்று முறை அழைத்த பிறகே வந்து அடைத்தார்கள். நெடி இரண்டு நாள் போகவில்லை. ஆயினும் மதியம் 2 மணிக்கு உட்கூரைப் பலகையில் கை வைத்தால் இப்போது சுடுவதில்லை. மழையின் தகர இரைச்சலும் ஓரளவு தணிந்திருக்கிறது.