ஏலம் நடத்தப் போய் 6,490 ரூபாயைக் கோட்டை விட்டேன்

6,490 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் எங்கெங்கேயோ போய்விடுவேன். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு ஏல வெப்சைட்டுக்கென்று என்னிடம் பணம் வாங்கிய ஆளின் நம்பரை மறுபடி அடித்துப் பார்த்தேன். போன வாரம் வரைக்கும் மணியாவது அடித்துக்கொண்டிருந்தது. நேற்று, எண் உபயோகத்தில் இல்லை என்று வந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு. ஃபேன்டசி ஃபுட்பால் லீக் (நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, நிஜ ஆட்டத்தில் அவர்கள் ஆடுவதை வைத்துப் பாயின்ட் சேர்க்கிற ஆட்டம்) நடத்துகிறவர்கள், அதிலும் ஏலம் விட்டு வீரர்களை எடுக்கிறவர்கள், பொறுமையாகப் படியுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நாங்கள் பத்துப் பேர், கும்பகோணத்தில் ஒன்றாகக் காலேஜ் படித்தவர்கள். நான் ஊரிலேயே அப்பாவின் பாத்திரக் கடையில் உட்கார்ந்துவிட்டேன். ஒருவன் மன்னார்குடியில் வாத்தியார், ஒருவன் வலங்கைமான் பக்கம் விவசாயம், ஒருவன் மயிலாடுதுறை, மூன்று பேர் சென்னை, இரண்டு பேர் சிங்கப்பூர், ஒருவன் துபாய். இங்கிலீஷ் பிரீமியர் லீக்தான் எங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. காசு வைத்து ஆடுவதில்லை. மே மாதம் சீசன் முடிந்ததும் கடைசி இடத்துக்காரன் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான் பந்தயம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எல்லோரும் ஆடுகிற சாதாரண ஃபேன்டசியில் விலையை அவர்களே வைத்துவிடுவார்கள். இந்த 2025-26 சீசன் தொடக்கத்தில் நட்சத்திர வீரர்கள் சாலா 14.5, ஹாலண்ட் 14 மில்லியன் பவுண்டு. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பாதிப் பேரிடம் ஒரே அணிதான் இருக்கும். எங்கள் லீக்கில் ஒரு வீரர் ஒருவனுக்குத்தான். ஆளுக்கு நூறு 'கோடி', பொய்க் கோடிதான், கையிருப்பு. இரண்டு கோல்கீப்பர், ஐந்து டிஃபண்டர், ஐந்து மிட்ஃபீல்டர், மூன்று ஃபார்வர்டு என்று பதினைந்து பேரை எடுத்தாக வேண்டும். ஆக 150 பேர் ஏலத்துக்கு வருவார்கள். குறைந்தபட்ச விலை 50 லட்சம். பாக்கி இருக்கிற இடங்களுக்கான குறைந்தபட்சக் காசை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கேட்க முடியும். கையில் 12 கோடியும் ஐந்து இடமும் பாக்கி என்றால், மற்ற நான்கு இடத்துக்கு 2 கோடி போக, ஒருவருக்கு 10 கோடிக்கு மேல் கேட்கக் கூடாது. இந்தக் கணக்கைப் பத்துப் பேருக்கும் ஒரு ஆள் நோட்டில் போட்டுக்கொண்டே ஏலமும் விட வேண்டும். அந்த ஆள் நான். பசங்கள் என்னைக் 'கமிஷனர்' என்பார்கள். வேலை என்னவோ கணக்கப்பிள்ளை வேலைதான்.

போன வருடம் வரை கான்ஃபரன்ஸ் காலில் நடத்தினோம். ஆறு மணி நேரம் ஆகும். நான் 'ரெண்டு தரம்' என்று சொல்லும்போது சரியாக துபாய்க்காரன் லைன் அறுந்துபோகும். திரும்ப வந்து, 'நான் கேட்டேன்டா, உனக்குக் கேக்கலை' என்று கத்துவான். சண்டை வராத வருடம் கிடையாது. அதனால்தான் இந்த வருடம் சாஃப்ட்வேர் என்று இறங்கினேன்.

ஏல அறையை வாடகைக்கு விடுகிற ஒரு வெப்சைட். பேர் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கே வேறு பேரில் கடை விரிப்பார்கள், நீங்கள் பழைய பேரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். இன்ஸ்டாகிராமில் விளம்பரமாக வந்தது. டைமர் தானே ஓடும், கையிருப்பு தானே கழியும், சீசன் முழுக்கப் பாயின்ட் தானே ஏறும், மாதம் ஒருமுறை புது வீரர்களுக்கு மறைமுக ஏலமும் உண்டு என்று போட்டிருந்தார்கள். விலை 5,500, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 990. மொத்தம் 6,490. தலைக்கு 649. எல்லோரும் எனக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள், ஆகஸ்ட் 4, கடையில் கூட்டம் இல்லை. டெமோ பார்த்தேன். வீரர் பட்டியலில் டி புருய்னே இன்னும் மான்செஸ்டர் சிட்டியில் இருந்தார். அவர் இத்தாலியின் நாப்போலி கிளப்புக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. வெப்சைட்காரனிடம் ஃபோனில் கேட்டேன். 'ஏலத்துக்கு முன்னாடி அப்டேட் ஆயிடும்ணே' என்றான். சரி என்று க்யூஆரை ஸ்கேன் செய்தேன். திரையில் கம்பெனிப் பேர் வரவில்லை, ஏதோ ஒரு தனி ஆளின் பேர் வந்தது.

இந்த இடத்தில்தான் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவும் செய்தேன். யுபிஐ பின் (PIN) நம்பரில் இரண்டு இலக்கம் போட்டு, கட்டைவிரலை எடுத்துவிட்டு, 'இது யார் பேருங்க?' என்றேன். 'கம்பெனி அக்கவுண்ட் மாத்திக்கிட்டு இருக்கோம்ணே, இது என் அண்ணன் அக்கவுண்ட்' என்றான். நான் பேசாமல் இருந்தேன். அவனே கேட்டான்: 'அண்ணே நீங்க கும்பகோணமா? நான் பாபநாசம்ணே. 108 சிவாலயம் தெரியும்ல, அதுக்குப் பக்கத்துத் தெரு.'

அவ்வளவுதான். பாபநாசம் என்று கேட்டதும் மனசு இளகிவிட்டது. பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பையன் நம்மை ஏமாற்றுவானா? மீதி இலக்கத்தையும் போட்டுவிட்டேன். 6,490 போய்விட்டது. அவன் உண்மையிலேயே பாபநாசம்தானா என்று இன்றுவரை தெரியாது. வரைபடத்தைப் பார்த்துக்கூடச் சொல்லியிருக்கலாம்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. பில் என்று ஒரு படம் அனுப்பினான். ஜிஎஸ்டி 990 என்று தனியாகப் போட்டிருக்கிறது, 15 இலக்க ஜிஎஸ்டி எண் எங்கேயும் இல்லை. தினமும் ஐம்பது பில் போடுகிறவன் நான். எவர்சில்வர் அண்டாவுக்கு நானே பில் போட்டுத் தருகிறேன், எனக்கு வந்த பில்லைப் பார்க்கவில்லை. அப்பாவிடம் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று விநாடி பார்த்துவிட்டு, 'நம்பர் எங்கடா?' என்றார். அப்போது ஏலம் முடிந்து நான்கு நாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை. மன்னார்குடிக்காரன் பஸ் ஏறி எங்கள் வீட்டு மாடிக்கே வந்துவிட்டான். முதல் ஒரு மணி நேரம் அருமையாக ஓடியது, அதையும் சொல்ல வேண்டும். டைமர் பதினைந்து விநாடி, யாராவது கேட்டால் மறுபடி பத்துக்குப் போகும். ஹாலண்டை மன்னார்குடிக்காரன் 27 கோடிக்குத் தட்டிவிட்டான், குதித்ததில் காபி டம்ளர் கவிழ்ந்தது. அப்டேட் மட்டும் ஆகவில்லை. டாட்டன்ஹாம் பட்டியலில் சன் ஹியுங்-மின் அப்படியே இருந்தார். அமெரிக்காவுக்குப் போய்விட்டவரை சென்னைக்காரன் ஒருவன் அரைத்தூக்கத்தில் 6 கோடி கொடுத்து வாங்கினான். சிரித்துக்கொண்டே ரத்து செய்யப் பார்த்தால், ரத்து பொத்தானே இல்லை.

நாற்பது பேர் தாண்டியதும் ஆரம்பித்தது. கோல் பாமர் என்கிற வீரர் ஒரே நேரத்தில் சிங்கப்பூர்க்காரனுக்கும் வலங்கைமானுக்கும் விற்றதாகக் காட்டியது, இரண்டு பேர் கையிருப்பும் கழிந்துவிட்டது. தானாக ஒதுக்க வேண்டிய 50 லட்சக் கணக்கை அது போடவே இல்லை. மயிலாடுதுறைக்காரனுக்கு ஏழு இடம் பாக்கி, கையில் 1 கோடி. 63-ஆவது வீரர் வந்தபோது திரை நின்றது. வெள்ளைப் பெட்டி ஒன்று வந்தது: தொடர்ந்து ஏலம் நடத்த உயர் திட்டத்துக்கு மாறவும், ரூ. 2,499.

பத்துப் பேர் காத்திருக்கிறார்கள், சிங்கப்பூரில் நடுராத்திரி. 'கட்டித் தொலைடா' என்றான் ஒருவன். கட்டவில்லை. அது ஒன்றுதான் நான் செய்த புத்திசாலித்தனம். பாபநாசத்தானுக்கு ஃபோன் போட்டேன். 'அண்ணே, ஞாயித்துக்கிழமை டெக்னிக்கல் டீம் இருக்க மாட்டாங்கண்ணே' என்றான். ஃபுட்பால் ஆட்டமே சனி, ஞாயிறில்தான் நடக்கிறது. ஏலம் விட வேறு என்றைக்கு உட்காருவார்கள்?

அப்புறம் நடந்தது ஒரு தனிக் கூத்து. திங்களன்று என் புகாருக்கு ஒரு டிக்கெட் எண் கொடுத்தார்கள். ஏழு வேலை நாளில் 6,490 முழுசாகத் திரும்பி வரும் என்று எழுத்திலேயே வந்தது. இடையில் சுதந்திர தினம் வந்ததால் ஒரு நாள் தள்ளிப்போகும் என்றார்கள். பிறகு, டிக்கெட் மூடப்பட்டுவிட்டது, புதிதாகத் திறக்கவும் என்றார்கள். திறந்தேன். என் கணக்கில் 500 'காயின்' ஏறியது. அதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தால், அவர்களுடைய இன்னொரு ஏல அறையை வாடகைக்கு எடுக்கலாமாம்! பிறகு பிள்ளையார் சதுர்த்தி லீவு. எல்லாவற்றிலும் மேலே, ஆகஸ்ட் கடைசியில் ஒரு பதில் வந்தது: 'புதிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் காரணமாகப் பணப் பரிமாற்றங்கள் நிறுத்தப்பட்டுள்ளன.'

இதைப் படித்ததும் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்ட சட்டத்தைச் சொல்கிறார்கள். அது காசு கட்டி, காசு ஜெயிக்கிற ஆன்லைன் விளையாட்டுகளுக்குத்தான் தடை. நாங்கள் காசு வைத்து ஆடவே இல்லை. நான் வாங்கியது ஏலம் விடுகிற ஒரு கருவி, அதற்கு வாடகை கொடுத்தேன். காசு விளையாட்டு நடத்திய பெரிய கம்பெனிகளே ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கணக்கில் கிடக்கிற பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் அறிவித்தன. இவர்களுக்கு மட்டும் 6,490-ஐத் திருப்பித் தரச் சட்டம் குறுக்கே நிற்கிறதாம். இதை எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. அதற்கப்புறம் சுவிட்ச் ஆஃப், நேற்றோடு நம்பரே இல்லை.

பணம் போனதைவிட லீக் கெட்டதுதான் வயிற்றெரிச்சல். ஆகஸ்ட் 15 இரவு, அதாவது நம் நேரத்துக்கு 12.30 மணிக்கு, லிவர்பூல்-போர்ன்மவுத் ஆட்டம் தொடங்கியபோது எங்களில் ஒருவனிடமும் முழு அணி இல்லை. சாலா கடைசியில் கோல் போட்டார், அது யார் கணக்கிலும் ஏறவில்லை. மறுநாள் ஹாலண்ட் உல்வ்ஸுக்கு எதிராக இரண்டு போட்டார். ஞாயிறு இரவு பழையபடி நோட்டை எடுத்து முதலிலிருந்து ஏலம் விட்டோம். 27 கோடிக்குப் போன ஹாலண்ட், இப்போது 41. ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிற ஏலம் எப்படி நியாயமாகும்? மன்னார்குடிக்காரன் 35-லேயே விலகிவிட்டான். ஒன்றும் சொல்லவில்லை, ஃபோனை மியூட் செய்துவிட்டான்.

வலங்கைமான்காரன் ஒரு யோசனை சொன்னான். அவன் பருத்தி போட்டவன், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டையைக் கொண்டுபோனால் வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. கூச்சல் இல்லை, லைன் அறுகிற பேச்சு இல்லை. நடுவில் வருகிற புது வீரர்களுக்கு அப்படியே செய்யலாம் என்றான். இந்த வாரம் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்த கோல்கீப்பர் டோனரும்மாவுக்கு அப்படித்தான் நடத்தினோம். எல்லோரும் விலையை என் அப்பாவின் வாட்ஸாப்புக்கு அனுப்பினார்கள். அவருக்கு டோனரும்மா யார் என்றே தெரியாது, அதனால் நம்பலாம். பத்து நிமிடத்தில் முடிந்தது. செலவு பூஜ்யம். இதை யோசிக்க எனக்கு 6,490 ஆகியிருக்கிறது.

சரி, சொல்கிறேன் என்று சொன்னவை. ஆவணி முகூர்த்தம், சீர்ப் பாத்திரம் எடுக்க ஒரு குடும்பமே வந்து நிற்கிறது, அப்பா கூப்பிடுகிறார். அவசரமாகச் சொல்கிறேன். ஸ்கேன் செய்ததும் வருகிற பேர் கம்பெனிப் பேர் இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள், எந்த ஊர்க்காரன் என்று கேட்காதீர்கள். பில்லில் ஜிஎஸ்டி எண்ணைத் தேடுங்கள். காசு கட்டுமுன் பத்துப் பேரையும் உட்காரவைத்து 150 வீரரையும் ஒரு ஒத்திகை விட்டுப் பாருங்கள், முதல் இருபது வீரர் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் ஓடும். ஏமாந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், யுபிஐயின் 12 இலக்கப் பரிமாற்ற எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நான் மூன்று வாரம் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடித்தேன். பதிந்துகொண்டார்கள். அடுத்து 1915, நுகர்வோர் உதவி எண், அதற்கும் சொல்லியாகிவிட்டது. இன்னும் இரண்டு மூன்று விஷயம் இருக்கிறது, நேரமில்லை.

எட்டுப் பேர் '649 தானே, விடுடா' என்றுவிட்டார்கள். மன்னார்குடிக்காரன் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடையை அடைத்ததும் அவனுக்கு அனுப்பிவிட வேண்டும்.